ஏழாம் பக்கத்தை ஏன் காலியாக விட்டேன்: மதிப்பீட்டுப் படிவம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தைத் தயாரிக்கும் மனிதவளத் துறையினருக்கும், அதை நிரப்பச் சொல்லி எங்களுக்கு அனுப்பிவைக்கும் மேலதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பயனில்லை. இதுவரை மூன்று இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன், மூன்றிலும் படிவம் ஒன்றுதான். மேலே இருக்கும் லோகோ மட்டும் மாறும்.

நான் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். பம்ப், மோட்டார், கன்வேயர், கம்ப்ரசர் என்று 22 வருடம் ஓடிவிட்டது. இப்போது என் பொறுப்பில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். போன வாரம் ஒன்பது பேருக்கும் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். வருகை, விடுப்பு, முடித்த வேலைகளின் எண்ணிக்கை, பாதுகாப்பு விதிகளை மீறியது உண்டா இல்லையா, எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஏழாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். "தனிப்பட்ட குணநலன்", "படைப்பாற்றல்", "சக ஊழியர்களுடன் உறவு" என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைப் போட வேண்டும். ஒன்பது பேருக்கு மூன்று கட்டம், ஆக 27 எண்கள். மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் காலியாகவே விட்டு அனுப்பினேன்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஒன்பது பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பேசுவேன். எண்ணாகச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் பிரிவில் ஷிப்ட் மாறும்போது எழுதிவைக்கும் நோட்டு ஒன்று உண்டு. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் பதிவாகிறது என்றாலும், அந்த நோட்டை நாங்கள் விடவில்லை. ஓரமெல்லாம் கிரீஸ் படிந்து, அட்டை பிய்ந்து, டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். எங்களில் மூத்தவர் ஒருவர் ஒரு நாள் ராத்திரி அதில் இப்படி எழுதியிருந்தார்: "மூணாம் நம்பர் பம்ப் சத்தம் மாறியிருக்கு. ரீடிங் எல்லாம் சரியாத்தான் காட்டுது. நம்பாதே. காலைல வந்ததும் ஒரு தடவை கையை வெச்சுப் பார்."

காலை ஷிப்டுக்கு வந்த பையன் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "சார், லேசா ஒரு நடுக்கம் இருக்கு. அண்ணன் சொன்னது இதானா?" என்று கேட்டான். அதேதான். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட் ஒன்று தளர ஆரம்பித்திருந்தது. நிறுத்தி முறுக்கிவிட்டோம், பத்து நிமிட வேலை.

அந்த வரிகளை எழுத வேண்டும் என்று அவருக்கு எந்த விதியும் இல்லை. அவருடைய ஷிப்ட் முடிந்துவிட்டது, மீட்டர் சரியாகக் காட்டுகிறது, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதற்குமேல் ஒரு நிமிடம் நின்று, அடுத்து வருபவன் புதுப் பையன் என்பதையும் நினைவில் வைத்து, எழுதிவிட்டுப் போனார். "கையை வெச்சுப் பார்" என்றதில் பாடமும் இருக்கிறது, பையன் மேல் நம்பிக்கையும் இருக்கிறது. சரி, இதை ஏழாம் பக்கத்தில் எங்கே போடுவது? குணநலனிலா, உறவிலா? மீட்டர் காட்டாததைக் காது கேட்டிருக்கிறதே, அது படைப்பாற்றல் இல்லையா? நீங்கள் மூன்றாகப் பிரித்துக் கட்டம் போட்டது அங்கே ஒரே செயலாக இருக்கிறது. அதோடு, அது அந்த மூத்தவர் ஒருவரின் செயல் மட்டுமா என்றும் எனக்குச் சந்தேகம். படித்துவிட்டுச் சிரித்துப் புறக்கணிக்கிற ஆளாக அந்தப் பையன் இருந்திருந்தால், இரண்டாவது முறை அவர் எழுதியிருக்கவே மாட்டார்.

மதிப்பெண் போடுவதில் உள்ள சிக்கல் நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1920-ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் இதை எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை அவர் எடுத்துப் பார்த்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒன்றில் கூடியவருக்குப் பெரும்பாலும் எல்லாவற்றிலும் கூடியிருந்தது, ஒன்றில் குறைந்தவருக்குப் பெரும்பாலும் எல்லாவற்றிலும் குறைந்திருந்தது. உடல் வாட்டசாட்டமாக இருந்தால் குணமும் நல்லதாகிவிடுமா? அதிகாரிகள் ஆளை மொத்தமாக ஒரு பார்வை பார்த்து, அந்தப் பார்வையையே நான்கு கட்டத்திலும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவரைச் சுற்றி நாமே ஓர் ஒளிவட்டம் வரைந்துவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே அவரை எடைபோடுகிறோம் என்பது அவருடைய முடிவு.

நூறு வருடம் ஆகிவிட்டது, இப்போது திருந்தியிருப்போம் என்கிறீர்களா? 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் நாலாயிரத்துக்கும் அதிகமான மேலாளர்களுக்கு அவர்களுடைய மேலதிகாரிகளும் சக ஊழியர்களும் கீழே வேலை செய்பவர்களும் கொடுத்த மதிப்பெண்களை அலசினார்கள். மதிப்பெண்களில் இருந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கும் மேல், கொடுத்தவருடைய சொந்தப் போக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தது. வாங்கியவருடைய வேலைத்திறனுக்கு அதைவிடக் குறைந்த பங்குதான். அப்படியானால் நான் போட வேண்டிய 27 எண்களில் பாதிக்குமேல் என்னைப் பற்றியவை. என்னைப் பற்றி எழுத நான் அந்த ஒன்பது பேருடைய சம்பள உயர்வைப் பயன்படுத்துவது நியாயமா?

இனி ஒவ்வொரு கட்டமாக வருகிறேன்.

குணநலன். என் டீமில் ஒருவர் இருக்கிறார், அலைன்மென்ட், அதாவது தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று, பார்க்காமல் மோட்டாரைப் பூட்டவே மாட்டார். தலைமுடி அளவு விலகல் இருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவார். அவரே போன வருடம் ஒரு நாள் அலைன்மென்ட் பார்க்காமல் பூட்டிவிட்டார். இரண்டே வாரத்தில், தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போய்விட்டது. படிவத்தின்படி பார்த்தால் அவருடைய பொறுப்புணர்ச்சிக்கு 2 போட வேண்டும். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பின்னால் உற்பத்திப் பிரிவு மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த இன்னொருவர் நான்தான்.

1973-இல் வெளிவந்த ஒரு சோதனை இந்த விஷயத்தில் பிரபலமானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார், அதுவும் சோதனைக்காரர்களின் ஏற்பாடு. நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். பேசப் போன தலைப்பு எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களே கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

குணம் என்று ஒன்றே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறது, கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது வெளியே வர ஒரு நிமிட அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை ஆண்டு முழுதும் பறித்துவிட்டு, ஆண்டு முடிவில் குணத்துக்கு மதிப்பெண் கேட்டால் எப்படி?

குணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் சொந்தக் கதை. முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். 6206 பேரிங் நாற்பது வாங்க வேண்டியதற்கு 6205 என்று எழுதி ஆர்டர் போட்டுவிட்டேன். ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றின் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், மற்றதன் உள்விட்டம் 25. தண்டில் ஏறவே ஏறாது. சரக்கு வந்து இறங்கிய அன்று பெட்டியைப் பிரித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடி, அடி ராக்கில் உள்ளே தள்ளி, முன்னால் வேறு பெட்டிகளை அடுக்கிவைத்தேன். இரண்டு நாள் தூக்கமில்லை. முந்தைய மாதம்தான் ஒருவர் தப்பைத் தானாகவே போய்ச் சொல்லி, எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவனுக்கு வாய் வருமா?

மூன்றாம் நாள் அங்கிருந்த ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடி ராக்ல என்னமோ புதுசா இருக்கே தம்பி" என்றார். திட்டவில்லை. "நான் சேர்ந்த புதுசுல மோட்டாரையே மாத்தி ஆர்டர் பண்ணவன். வா, சப்ளையருக்கு போன் போடுவோம், பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துப்பாங்க" என்றார். எடுத்துக்கொண்டார்கள். பிரித்த ஒரு பெட்டி மட்டும் எங்கள் தலையில் நின்றது. அதற்கப்புறம் அந்த மனிதரிடம் நான் எதையும் மறைத்ததே இல்லை. அதே சமயம், அங்கே மேலாளராக இருந்தவரிடம் கடைசிவரை நிறைய மறைத்தேன். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே ஆள். என் நேர்மைக்கு ஃபோர்மேன் 5 போட்டிருப்பார். மேலாளரும் 5-தான் போட்டிருப்பார், நான் மறைத்தது எதுவும் அவருக்குத் தெரியாதே!

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராயப் போனார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கெடுத்தால் தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் தவறுகள் என் பேரிங் பெட்டி மாதிரி அடி ராக்கில் கிடந்தன. உங்கள் படிவத்தில் "தவறுகளின் எண்ணிக்கை" என்ற வரி ஐந்தாம் பக்கத்திலேயே இருக்கிறது. பூஜ்யம் என்று நான் எழுதினால் நீங்கள் மகிழ்கிறீர்கள். எனக்கோ அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அடுத்தது படைப்பாற்றல். இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். "அதெல்லாம் விளம்பரக் கம்பெனிக்காரங்களுக்கு சார்" என்பார்கள். ஆனால் எங்கள் டூல் பெட்டியில் ஒரு பொருள் இருக்கிறது. பழைய ரேடியோவின் நீட்டி மடக்கும் ஏரியல் கம்பி, அதன் நுனியில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. கன்வேயருக்கு அடியில் சுவரைப் பார்த்தபடி மாட்டியிருக்கும் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்க அதுதான் உதவி. முன்பெல்லாம் அதற்காக ஒருவர் தரையில் படுத்து ஊர்ந்து போவார். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரியுமே என்று கேட்டால், கம்பியைச் செய்தவர் செல்போனை எடுத்துக் காட்டுவார். கண்ணாடியில் தெரிவதைப் படம் பிடித்து, திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்வார். கடையில் இதுபோல ரெடிமேடாகக் கிடைக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. கேட்டு எழுதினோம், கோப்பு இன்னும் நகரவில்லை. ஏரியல் கம்பிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் அதை எப்போது செய்தார் தெரியுமா? ஒரு கியர்பாக்ஸ் பாகம் வராமல் வேலை நின்று, மதியம் முழுக்கச் சும்மா இருந்த ஒரு நாளில். அந்த மதியம் உங்கள் கணக்கில் வீணான மனித நேரம் என்று பதிவாகியிருக்கிறது. நான்தான் பதிவு செய்தேன்.

இதைப் பார்த்து ஊக்கம் பெற்றுத்தானோ என்னவோ, மேலிடத்தில் ஆலோசனைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆளுக்கு மாதம் ஓர் ஐடியா கட்டாயம். சிறந்ததற்குப் பரிசு, தராதவருக்கு ரேட்டிங்கில் குறைவு. முதல் மாதம் நல்லதாக நாலு வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து "அறிவிப்புப் பலகை வைக்கலாம்", "அறிவிப்புப் பலகையை இடம் மாற்றலாம்", "பலகைக்கு வேறு நிறம் அடிக்கலாம்" என்று போனது. கண்ணாடிக் கம்பி செய்தவர் அந்தத் திட்டம் ஓடிய காலம் முழுக்க எதையுமே செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன். "கணக்குக்குச் செய்யணும்னா கை வரல சார்" என்றார்.

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் சொன்னதும் இதுதான். கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு நடுவில் ஒரு சுற்றுக்கு மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் பணம் கொடுத்தார். பணத்தை நிறுத்திய அடுத்த சுற்றில், இடைவேளையில் தாமாகவே புதிரை எடுத்து விளையாடும் நேரம் அவர்களிடம் குறைந்துவிட்டது. பணமே பார்க்காதவர்களிடம் அப்படிக் குறையவில்லை. 1985-இல் தெரசா அமபைல் என்பவர் எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரைக் குட்டிக் கவிதைகள் எழுதச் சொன்னார். நடுவில் சிலரை மட்டும் பணம், புகழ் போன்ற வெளிக் காரணங்களை ஐந்து நிமிடம் நினைத்துப் பார்க்க வைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் எழுதியவை மட்டும் தரம் இறங்கின. யாரும் பரிசு கொடுக்கவுமில்லை, மிரட்டவுமில்லை. காரணத்தை மாற்றி நினைக்க வைத்ததே போதுமாக இருந்தது.

சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியாயமான சம்பளம் முதல் தேவை, அதில் கைவைத்துவிட்டு "உள்ளார்ந்த ஆர்வம்" என்று யாராவது பேசினால் நானே எழுந்து வெளியே போவேன். நான் சொல்வது, கைவேலைக்கு நடுவில் தானாக முளைப்பதை டார்கெட்டாக மாற்றாதீர்கள் என்பதைத்தான்.

ஒட்டிப் பிரிக்கும் மஞ்சள் தாள் எல்லார் மேஜையிலும் இருக்கிறது, உங்கள் மேஜையிலும் இருக்கும். அந்தப் பசையை த்ரீஎம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்தபோது அது எதற்கும் உதவாத பசை. வலுவான பசை தேடியவருக்கு, லேசாக ஒட்டி எளிதில் பிரிந்துவரும் ஒன்று கிடைத்தது. அவர் தூக்கிப் போடவில்லை. கம்பெனிக்குள்ளேயே வருடக்கணக்கில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தார். 1974-இல் வேறொரு பிரிவில் இருந்த ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாடகர் குழுவில் தன் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில், அந்தப் பசையை நினைத்தார். அந்த நிறுவனத்தில் வேலை நேரத்தில் 15 சதவீதம்வரை சொந்த ஆர்வத்துக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் இருந்தது. அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-இல். பன்னிரண்டு வருடம்! அந்தப் பன்னிரண்டு ஆண்டு மதிப்பீடுகளிலும் இந்தப் பசைக்காக சில்வருக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பீர்கள்?

மூன்றாவது கட்டம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

எங்கள் ஸ்டோர் முன்பு ஒர்க்‌ஷாப்பை ஒட்டியே இருந்தது. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினால் ஸ்டோர் அக்கா பொருளை எடுத்துத் தருவார். ஒரு நாள் ஆயில் சீல் வாங்கப் போனேன், சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடிக்கும் வளையம் அது. எடுத்துக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, "தம்பி, இதே சைஸ் இந்த மாசம் நாலாவது தடவை. சீல் கெட்டுப் போகுதா, இல்ல சீலை ஏதாவது கெடுக்குதா?" என்று கேட்டார். அவர் இன்ஜினியர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்ஜினியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஷிப்டுக்கு ஒருவராக வெவ்வேறு ஆட்கள் வந்து வாங்கிப் போனதால் எங்களில் யாருக்குமே அது தொடராகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டும் தெரிந்தது. போய்ப் பார்த்தோம். தண்டு சற்றே வளைந்து சுற்றிக்கொண்டிருந்தது. புதுச் சீலின் உதட்டை ஒரே வாரத்தில் தின்றுவிடும். தண்டை மாற்றினோம், அதோடு சீல் வாங்குவதும் நின்றது.

இப்போது ஸ்டோர் வேறு கட்டடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் "நாலாவது தடவை" என்று சொல்ல ஆளில்லை. அந்த அக்காவுக்கு உங்கள் கணக்கில் வேலைத்திறன் கூடியிருக்கிறது, ஒரு நாளைக்கு அதிகச் சீட்டு முடிக்கிறார். போன மாதம் வழியில் பார்த்தேன். "யார் முகத்தையும் பாக்கறதே இல்ல தம்பி, நம்பரைத்தான் பாக்கறேன்" என்றார்.

தாமஸ் ஆலன் என்பவர் 1970-களில் பொறியாளர்கள் யாரோடு எத்தனை முறை பேசுகிறார்கள் என்று அளந்தார். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு சடசடவென்று சரிந்தது. ஏறத்தாழ 50 மீட்டர் தாண்டிவிட்டால் பேசுவது அபூர்வமாகிவிட்டது. அப்படியானால் சுவரை இடித்துவிட்டு எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தால் பேசிக்கொள்வார்கள் என்று சிலர் கிளம்பினார்கள். அதுவும் நடக்கவில்லை. திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வில், நேருக்கு நேர் பேசும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பதிலாக மெயில் அனுப்புவது கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் யாருக்குத்தான் பேச வரும்? ஸ்டோர் ஜன்னலில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு காரியம் இருந்தது, பேச ஒரு பொருள் கையில் இருந்தது, மூன்றாவது ஆள் இல்லை.

அந்த அக்கா எனக்கு நெருங்கிய நட்பு இல்லை. அவர் வீடு எங்கே என்றுகூடத் தெரியாது. உறவு என்றதும் நீங்கள் நெருக்கத்தை நினைத்துக்கொள்கிறீர்கள், அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறை எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கயிறு இழுக்க வைக்கிறீர்கள். (கயிறு இழுப்பதில் எனக்கு விரோதம் இல்லை. முதுகுக்குத்தான் விரோதம்.) மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் காட்டியது வேறு. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான் உதவியிருந்தார்கள். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாதது தெரியும்.

இதே கட்டத்தால் அடிவாங்கும் இன்னோர் ஆள் உண்டு. என் டீமில் பேசவே பேசாத ஒருவர். விழாவுக்கு வரமாட்டார், குரூப் போட்டோவில் இருக்கமாட்டார், வேலை முடிந்தால் நேரே வீடு. போன வருடம் நான் விடுப்பில் இருந்தபோது நிரப்பியவர் அவருக்கு இந்தக் கட்டத்தில் 2 போட்டிருந்தார். ஆனால் யாருக்காவது கையில் அடிபட்டால் முதலில் எழுந்து ஓடுகிறவர் அவர்தான். முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகிவிட்டதா என்று மாதாமாதம் பார்ப்பவரும் அவர்தான், யாரும் சொல்லாமலே. மனிதர்களோடு ஒட்டாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். மதிப்பெண்ணே வேண்டாம் என்றால் பதவி உயர்வு எப்படிக் கொடுப்பது? மேலாளருக்குப் பிடித்தவர்களுக்கே எல்லாம் போய்விடாதா? நியாயமான கேள்வி. படிவம் இல்லாத காலத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன், யாருக்குப் பை தூக்கினால் எது கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. அதைவிடப் படிவம் மேல். அதனால்தான் முதல் ஆறு பக்கங்களை ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். எண்ணக்கூடியதை எண்ணுவோம். ஆனால் எண்ண முடியாததற்கு எண் கொடுத்தால் பாரபட்சம் போய்விடாது, படிவத்துக்குள் புகுந்து மரியாதையான சட்டை போட்டுக்கொள்ளும். பெரிய நிறுவனங்களே இதில் பின்வாங்கியிருக்கின்றன. அடோபி 2012-இல் ஆண்டு மதிப்பீட்டையே கைவிட்டது. ஊழியர்களை வரிசைப்படுத்தி இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் நிறுத்தியது.

ஏழாம் பக்கத்துக்குப் பதிலாக நான் கேட்பது ஒரு வெற்றுப் பக்கம். ஒவ்வொருவரைப் பற்றியும் இந்த ஆண்டு நான் கண்ணால் பார்த்த ஒன்றிரண்டு சம்பவங்களை எழுதுகிறேன், தேதியோடு. எழுதியதை அந்த ஆளுக்கே முதலில் படித்துக் காட்டுகிறேன், தப்பாக இருந்தால் அவரும் எழுதட்டும். பார்த்ததாக ஒன்றுமே எனக்கு நினைவில் வரவில்லை என்றால், அது அவருடைய குறையல்ல, நான் ஆண்டு முழுக்க அவரைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அதையும் எழுதுகிறேன்.

அப்புறம், கட்டம் போட்டே தீர வேண்டும் என்றால் உங்கள் பக்கமாகப் போடுங்கள். இந்த ஆண்டில் தப்பைத் தானாக வந்து சொன்னவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன நடந்தது? ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து நிற்க எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? எங்களுக்கு இப்போது பூஜ்யம். ஒருவர் வெளியேறும் நிமிடத்தில்தான் இன்னொருவர் கார்டு தேய்க்கிறார், அதனால்தான் அந்த நோட்டே தேவைப்படுகிறது. பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஸ்டோரை மறுபடி பக்கத்தில் கொண்டுவர முடியாதென்றால், அந்த அக்காவை வாரம் ஒரு நாள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் உட்கார விடுங்கள். நாற்காலி நான் போடுகிறேன்.

இந்த மடலை இங்கேயே முடித்திருப்பேன். இன்று காலை சிஸ்டத்திலிருந்து ஒன்பது படிவங்களும் திரும்பி வந்துவிட்டன. ஏழாம் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, "கட்டாயம் நிரப்ப வேண்டியவை" என்று இருக்கிறது. மாலைக்குள் அனுப்பாவிட்டால் ஒன்பது பேருக்கும் சம்பள உயர்வு தள்ளிப்போகும் என்று ஒரு மெயிலும் வந்திருக்கிறது. என் பிடிவாதத்துக்கு அவர்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்? 27 கட்டத்திலும் 4 போட்டு அனுப்பிவிட்டேன். அந்த நாலுக்கு எந்த அர்த்தமும் இல்லை என்பதை எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் வரைபடத்தில் எங்கள் பிரிவின் கோடு இந்த வருடம் நேராக வந்தால் ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஷிப்ட் நோட்டு டூல் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. யாராவது வந்து படிக்கலாம்.

இப்படிக்கு,
ஒன்பது பேரின் மேற்பார்வையாளர்,
இயந்திரப் பராமரிப்புப் பிரிவு